கீறல் இல்லாத காசு

ஆர்லோ திருடன் என்று நான் நினைத்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கடையில், சாண்ட்விச்சைப் பாதி தின்றுகொண்டிருந்தபோது. கட்டின புருஷனைப் பற்றி ஒருத்தி அப்படி நினைக்கலாமா என்று கேட்பவர்கள் பழங்காசு வியாபாரம் செய்யாதவர்கள். எங்கள் ஒஹையோவில் இந்தத் தொழிலில் இறங்கி, வருகிறவன் போகிறவன் எல்லாரையும் நம்பினவர்கள் யாரும் கடை வைத்து நான் பார்த்ததில்லை. நான் வைத்திருக்கிறேன். ஏனென்றால் நான் யாரையும் நம்புவதில்லை. ஆர்லோவை மட்டும் நம்பிக்கொண்டிருந்தேன், அதுவும் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான்.

மறுநாள் கண்காட்சி மைதானத்துக் கூடத்தில் காசுச் சந்தை. அதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் இரும்புப் பெட்டியைத் திறந்து எங்கள் காசை எடுத்தேன். கடையில் ஆயிரம் காசு இருந்தாலும் ‘எங்கள் காசு’ என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான். 1909-ஆம் வருஷத்து ஐந்து டாலர் தங்கக் காசு, நியூ ஆர்லியன்ஸ் தங்கசாலையில் அடித்தது. அந்தத் தங்கசாலையை இழுத்து மூடின வருஷம் அது. அடித்ததே கொஞ்சம். அதிலும் முக்கால்வாசி ஜனங்களின் பாக்கெட்டில் கிடந்து தேய்ந்து போயிற்று. தேயாத ஒன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்களிடம் இருந்தது அந்தக் குதிரைக்கொம்பு.

இந்தக் காசின் அமைப்பே தனி. மற்ற காசுகளில் உருவம் புடைத்து நிற்கும். இதில் செவ்விந்தியத் தலைவரின் முகம் உள்ளே அமுங்கியிருக்கும், சுற்றியுள்ள வெற்றிடம்தான் மேடு. அதனால் உரசலும் கீறலும் முதலில் விழுவது அந்த வெற்றிடத்தில். எங்கள் காசிலும் ஒரு கீறல் உண்டு. தலைவரின் மூக்குக்கு நேர் எதிரே, பூனை மீசை மாதிரி மெல்லிசாக, மேலே கொஞ்சம் வளைந்து. தேய்மானம் பார்த்துப் போடுகிற மதிப்பெண்ணில் எழுபதுக்கு அறுபத்திரண்டு வாங்கக்கூடிய காசு அது. அந்த மீசை மட்டும் இல்லாவிட்டால் இன்னும் ஏறும் என்று ஆர்லோ பெருமூச்சு விடுவார். எனக்கு அந்தக் கீறல்மேல் பிரியம்தான். ஊரில் எத்தனை காசு வந்தாலும் இது என்னுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் அல்லவா!

அந்த மத்தியானம் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், மூக்குக்கு எதிரே ஒன்றுமே இல்லை. வழவழவென்று இருக்கிறது.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன், விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். மீசையைக் காணோம். அப்புறம்தான் கவனித்தேன், காசு இத்தனை வருஷம் இருந்த அட்டை உறையிலும் இல்லை. அட்டையை இரண்டாக மடித்து ஸ்டேப்பிள் அடித்து நடுவே காசை வைப்போமே, அந்த உறையைக் காணவில்லை. புத்தம் புது கண்ணாடிப் பிளாஸ்டிக் டப்பிக்குள் உட்கார்ந்திருந்தது.

“யோவ், ஆர்லோ! நம்ம காசோட அட்டை எங்க?”

பின்னறையிலிருந்து பதில் வந்தது. “பழசாப் போச்சு, தூக்கிப் போட்டேன். டாக்டர் வின்ஸ்லோ நாளைக்குக் காச வாங்க வந்து பாக்கறப்ப கொஞ்சம் லட்சணமா இருக்கட்டுமேன்னு டப்பியில போட்டேன்.”

“எப்ப போட்ட?”

“இந்த வாரந்தான். செவ்வாயோ என்னவோ. ஏன்?”

“சும்மாத்தான் கேட்டேன்.”

“அதத் திறக்காத வெல்மா. கை படப் போவுது.”

திறக்காதே என்று சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. எத்தனை வருஷமாக நான் காசைத் தொடுகிறேன். விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஊருக்கே வகுப்பு எடுக்கிறவள் நான். எனக்கா கை படப் போகிறது?

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் நடக்கிற ஒரு அயோக்கியத்தனத்தைச் சொல்ல வேண்டும். அதே வருஷம் பிலடெல்பியாவிலும் இதே காசை அடித்தார்கள், ஏராளமாக. அதில் ஊர் எழுத்து கிடையாது. எங்கள் காசில் பின்பக்கம், அம்பு முனைகளுக்குப் பக்கத்தில், ‘ஓ’ என்று ஒரு குட்டி எழுத்து புடைத்து நிற்கும். அந்த எழுத்துக்குத்தான் இத்தனை மவுசு. கை நேர்த்தியான போக்கிரி ஒருவன் பிலடெல்பியாக் காசில் ஒரு ‘ஓ’வை ஒட்டிவிட்டால் போதும், சாதாரணக் காசு ராஜாவாகிவிடும். அப்படி ஒட்டுகிறவர்களோடு சகவாசம் உள்ளவன் என்று பேரெடுத்தவன் டெல்பர்ட். அடுத்த ஊரில் கடை. செவ்வாய்க்கிழமை ஆர்லோ அந்த ஊருக்குத்தான் போனார். முழங்காலுக்கு மாத்திரை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் தெருவில் மருந்துக்கடை இல்லையா?

எனக்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது. நல்ல காசு டெல்பர்ட்டிடம் போய்விட்டது. ‘ஓ’ ஒட்டின காசு டப்பிக்குள் வந்துவிட்டது. நாளைக்கு அதை டாக்டர் வின்ஸ்லோ தலையில் கட்டப் போகிறார்கள். அப்புறம் இந்த மனுஷன் எங்கே போவார், யாரோடு போவார் என்றெல்லாம் புத்தி ஓடியது. மீதிச் சாண்ட்விச்சைக் குப்பையில் போட்டேன்.

வாயைத் திறக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். ராத்திரி சாப்பாட்டின்போது, “என்னம்மா, மூஞ்சி ஏன் ஒரு முழத்துக்குத் தொங்குது?” என்றார். “பல்வலி” என்றேன். அவரே கிராம்புத் தைலம் எடுத்து வந்து கொடுத்தார். பாசாங்கைப் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கூடம் நிரம்பி வழிந்தது. காபியும் டோனட்டும் வாசலில். உள்ளே வரிசையாக மேஜைகள், பச்சைத் துணி விரிப்பு, குனிந்த தலைகள். எங்கள் மேஜைக்கு நாலு மேஜை தள்ளி டெல்பர்ட். அவன் பக்கம் ஆர்லோ தலையைத் திருப்புகிறாரா என்றே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவே இல்லை. இவ்வளவு வருஷப் பழக்கத்தில் ஒரு ‘குட்மார்னிங்’ கூட இல்லையா? அதுவே எனக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

ஆர்லோ காபி வாங்க நொண்டிக்கொண்டு போனதும், நான் நேரே டெல்பர்ட் முன்னால் போய் நின்றேன்.

“வாங்க மேடம், வாங்க! இன்னிக்கு யாரப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கப் போறீங்க?”

“உன்னத்தான். ஒன்பதாம் வருஷத்து ஓ காசு வச்சிருக்கியா?”

அவன் சிரிப்பு சட்டென்று நின்றது. “யார் சொன்னா?”

“யாரோ சொன்னாங்க. இருக்கா இல்லையா?”

“இருக்கு. ஆனா வெளிய வைக்கல. ஒருத்தர் சொல்லி வச்சிருக்கார்.”

“காட்டு” என்றேன். “காட்டலேன்னா இங்கயே கத்துவேன்.”

“ஐயோ, சும்மாவே கத்தறீங்க! இருங்க.” மேஜைக்கு அடியிலிருந்து எடுத்து விரிப்பின்மேல் வைத்தான். நான் உருப்பெருக்கியோடு பாய்ந்தேன். தலைவரின் இறகெல்லாம் மழுங்கிப் போன, பல பாக்கெட் பார்த்த கிழட்டுக் காசு. மூக்குக்கு எதிரே மீசை கிடையாது. நிச்சயமாக எங்களுடையது இல்லை.

“என்ன மேடம், ஏதோ செத்துப்போன சொந்தக்காரரத் தேடற மாதிரி பாக்கறீங்க?”

“செவ்வாக்கிழமை ஆர்லோ உன் கடைக்கு வந்தாரா?”

டெல்பர்ட் என் முகத்தைப் பார்த்தான், பிறகு விரிப்பைப் பார்த்தான். “வந்தார். ஒரு டப்பி வாங்கிட்டுப் போனார். அத உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னார். இப்ப சொல்லிட்டேன். புருஷன் பொண்டாட்டி சமாச்சாரத்துல என்ன இழுக்காதீங்க, ஆள விடுங்க.”

டப்பி எங்கள் கடையில் இல்லையா? அலமாரி நிறைய இருக்கிறது. ஒரு டப்பிக்காக முழங்காலை இழுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு யார் போவார்கள்? சொல்ல வேண்டாம் என்று ஏன் சொன்னார்? நல்ல காசு வேறெங்கோ போய்விட்டது, இவனும் உடந்தை என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் திரும்பி வந்தபோது டாக்டர் வின்ஸ்லோ எங்கள் மேஜையில் உட்கார்ந்திருந்தார். மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனுஷன். இந்த வகை ஐந்து டாலர் காசுகளில் எல்லா வருஷத்தையும் எல்லா ஊரையும் சேர்த்துவிட்டார், இது ஒன்றுதான் பாக்கி. பல வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆர்லோவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காகத்தான் நாங்கள் கடைசியில் சரி என்றோம். மதிப்பெண் போடுகிற கம்பெனிக்கு அனுப்பி முத்திரை போட்டு வாங்கலாமே என்று அவர் முன்பே சொன்னார். தபாலில் அனுப்பினால் எவன் கையில் மாறுமோ என்று நான்தான் மறுத்துவிட்டேன். டாக்டர் எங்கள் வார்த்தையை நம்பித்தான் வந்திருந்தார்.

டப்பியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தவர், “அடேயப்பா, நான் நெனச்சதவிட அழகா இருக்கே ஆர்லோ! ஏதோ கீறல் இருக்குன்னு சொன்னீங்களே?” என்றார்.

ஆர்லோ தொண்டையைக் கனைத்தார். “அது... வெளிச்சத்தப் பொறுத்தது டாக்டர்.”

அவ்வளவுதான், எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“டாக்டர், அதக் கீழ வைங்க. வாங்காதீங்க.”

“வெல்மா!” என்றார் ஆர்லோ.

“நீ சும்மா இரு. டாக்டர், இது எங்க காசு இல்ல. எங்க காசுல மூக்குக்கு எதிர்ல ஒரு கோடு உண்டு. இதுல இல்ல. இது எவனோ ஓ ஒட்டின பிலடெல்பியாக் காசு. எங்க காச இந்த மனுஷன் மாத்திட்டாரு.”

பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்லோ முகத்தில் பேய் அறைந்த மாதிரி ரத்தமே இல்லை. கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை.

“நான் மாத்திட்டேன்னு சொல்றியா?” என்றார் மெதுவாக.

“பின்ன கீறல் எங்க போச்சு? எறும்பு தூக்கிட்டுப் போச்சா? எனக்கா காது குத்தற? டெல்பர்ட் கடைக்கு ரகசியமாப் போனது எனக்குத் தெரியும்.”

“வெல்மா, வீட்டுக்குப் போயிப் பேசலாம். காசத் தொடாத. கெஞ்சிக் கேக்கறேன்.”

“ஏன் தொடக்கூடாது? ஓ கழண்டு வந்துடும்னு பயமா?”

எங்கள் பெட்டியில் எப்போதும் அசிட்டோன் இருக்கும், நகப்பூச்சை அழிக்கிற திரவம். தங்கத்தை அது ஒன்றும் செய்யாது, பசையைக் கரைத்துவிடும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினேன். டப்பியைத் திறந்து, விளிம்பைப் பிடித்து, காசை உள்ளே இறக்கினேன். டாக்டர் குனிந்தார். டெல்பர்ட் நாலு மேஜை தாண்டி வந்து எட்டிப் பார்த்தான். எல்லாரும் ‘ஓ’ மிதந்து வருமென்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

‘ஓ’ அசையவில்லை. எடுத்து உலரவைத்து உருப்பெருக்கியில் பார்த்தேன். நியூ ஆர்லியன்ஸில் பிறந்த எழுத்து, காசோடு காசாக இருந்தது. முன்பக்கம் திருப்பினேன்.

மூக்குக்கு எதிரே, பூனை மீசை மாதிரி, என் கீறல் இருந்தது. மேலே அதே வளைவு. அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே, புதிதாக இன்னொரு கீறல் பளிச்சென்று மின்னியது.

“மூக்கு எண்ணெய்” என்றார் டாக்டர், வருத்தத்தோடு.

அதைப் பற்றி எங்கள் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். மூக்கின் ஓரத்தில் கசிகிற எண்ணெயை விரலால் தொட்டுக் காசின்மேல் லேசாகத் தடவினால் மெல்லிய கீறல்கள் மறைந்துவிடும், அசிட்டோனில் எண்ணெய் கரைந்தால் திரும்பத் தெரியும். மகா மட்டமான வேலை. அதைச் செய்து கொண்டுவந்தவனை ஆர்லோ ஒருமுறை சட்டையைப் பிடித்து வாசலுக்குத் தள்ளியிருக்கிறார். அதனால்தான் அது என் புத்தியிலேயே வரவில்லை. திருடுவார் என்றாவது நினைத்தேனே தவிர, மூக்கைத் தடவுவார் என்று நினைக்கவில்லை.

ஆர்லோ நாற்காலியில் உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

“திங்கக்கிழமை அட்டையிலேருந்து வெளிய எடுத்தேன். ஸ்டேப்பிள மொதல்ல கழட்டல. முனை உரசிடுச்சு.”

கூட்டத்தில் யாரோ ‘ச்சு’ கொட்டினார்கள். ஸ்டேப்பிளைக் கழற்றாமல் காசை உருவாதே என்று எங்களிடம் வருகிற ஒவ்வொருவனுக்கும் சொல்கிறவர் அவர்தான். காபி குடிக்க வந்தவனுக்குக்கூடச் சொல்வார்.

“நம்ம டப்பிய எடுத்தா நீ எண்ணிப் பாத்துக் கேப்ப. அதான் அவன்கிட்ட வாங்கினேன். எண்ணெயத் தடவினேன். புதுசு மறஞ்சுது. பழசும் சேந்து மறஞ்சுது. டாக்டர், மன்னிச்சுக்குங்க. உங்களுக்கு விக்கறதா இல்ல. உங்ககிட்ட தனியா சொல்லிடணும்னுதான் இருந்தேன். வாய் வரல.”

டாக்டர் காசை ஒருமுறை பார்த்து, விரிப்பின்மேல் வைத்து, எங்கள் பக்கம் நகர்த்தினார். “காசு நெஜமான காசுதான் ஆர்லோ. ஆனா எனக்கு இனிமே இதப் பாக்கும்போதெல்லாம் இன்னிக்கு நடந்தது ஞாபகம் வரும்” என்று எழுந்து போய்விட்டார். அறுபத்திரண்டு போயிற்று. இனி எந்தக் கம்பெனியும் அதற்கு மதிப்பெண் போடாது, ‘சேதம்’ என்று ஒரு வார்த்தைதான் எழுதும். மத்தியானத்துக்குள் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

வண்டியில் வரும்போது நான்தான் கத்தினேன். எனக்கு அழுகை வந்தால் கத்தத்தான் வரும்.

“ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? தெரியாம பட்டுடுச்சுன்னு ஒரு வார்த்த!”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?”

“ஏன் நம்ப மாட்டேன்?”

“மாட்ட. ‘வேணும்னே கீறிட்ட, விலையக் கொறச்சு டெல்பர்ட்டுக்குத் தள்ளப் பாக்கற’ன்னு சொல்லியிருப்ப.”

சொல்லியிருப்பேன். அதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பேன். அதனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சோளக்காடு ஓடிக்கொண்டே இருந்தது. வீடு வந்து சேரும்வரை ஆர்லோ என்மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது நீங்களே சொல்லுங்கள், யார்மேல் தப்பு? எண்ணெய் தடவினது அவர். டாக்டரிடம் மென்று விழுங்கினது அவர். நான் சந்தேகப்பட்டேன், ஏதோ தப்பு நடந்திருந்தது. என் மூக்கு பொய் சொல்லவில்லை. எங்கள் பழங்காசுச் சங்கத்தில் பாதிப் பேர் என் பக்கம்தான். இதை நான் ஆர்லோவிடமும் சொன்னேன். “நீ சொல்றது சரிதான் வெல்மா” என்று ஒத்துக்கொண்டு டி.வி.யைப் போட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்தும் நேரம். இரும்புப் பெட்டியைப் பூட்டிவிட்டு நான் விளக்கை அணைக்கப் போனேன். ஆர்லோ என் முன்னால் வந்து நின்று, கால்சட்டைப் பாக்கெட்டுகளை வெளியே இழுத்து உதறினார். சாவி, கைக்குட்டை, முழங்கால் மாத்திரை, ஒரு பெப்பர்மிண்ட் எல்லாம் மேஜையில் விழுந்தன. சட்டைப் பையையும் கவிழ்த்துக் காட்டினார்.

“என்னய்யா பண்ற?”

“பாத்துக்கோ. அப்பறம் போலாம்.”

“பைத்தியமா உனக்கு? எடுத்து உள்ள போடு, யாராச்சும் பாக்கப் போறாங்க.”

“நீ பாத்துட்டன்னா போட்டுக்கறேன்.”

நான் அன்றைக்கு அழுதேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தப்புத்தான், வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று கெஞ்சினேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார், கண்ணைத் துடைத்துவிட்டார், ஆனால் நான் பார்க்கும்வரை பாக்கெட்டை உள்ளே தள்ளவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். குத்தலாகச் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன், அப்படியும் தெரியவில்லை. கதவைப் பூட்டுவது போல, போர்டைத் திருப்புவது போல, இதுவும் ஒரு வேலை என்று செய்கிறார். வாரங்கள் போயின. நானும் வேண்டாம் என்று சொல்வதை விட்டுவிட்டேன். அவர் பாக்கெட்டை இழுப்பார், நான் ஒரு பார்வை பார்ப்பேன், வீட்டுக்குப் போவோம்.

நேற்று மழை. முழங்கால் ரொம்ப வலிக்கிறது என்றார். வலது பாக்கெட்டை உதறிவிட்டு, சாவியைப் பொறுக்கிக்கொண்டு, கதவுப் பக்கம் நொண்டி நடந்தார். மறந்துவிட்டார் பாவம், களைப்பு.

“இடது பக்கம்?” என்று கேட்டது நான்தான்.